ஒப்பீட்டுக்கு வந்தவள்

சட்டைப்பைச் சாவி, தாடையில் இறக்கிய திருகு,
இதயத்துக்குள் ஓடும் கருவி,
எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவேன்.
நாம் மறந்த இரும்பையும்
காந்தம் மறப்பதில்லை.

"கண்ணில் இரும்புப் பொடி தெறித்ததுண்டா?"
"முப்பது வருஷம் படகின் எஞ்சின் அறை.
தெறிக்காமல் இருக்குமா?" என்றாள் தோரா இஸ்பிஸ்டர்.
அதற்காகவே முதலில் ஓர் எக்ஸ்ரே.
ஒன்றும் இல்லை.

மோதிரம்தான் வர மறுத்தது.
பழைய நட் ஒன்றைக் கடைந்து
தானே செய்துகொண்ட எஃகு வளையம்.
சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம்
இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம்.
வந்ததும் தங்கையின் உள்ளங்கையில் வைத்து
விரல்களை மூடிவிட்டாள்.
வைத்தது மெரனுக்குத் தெரியாது.
ஒன்பது வருஷமாய் அவள் கைக்குச்
சூடும் இல்லை, குளிரும் இல்லை.

நோய் மெரனுக்கு.
நரம்பின் மேலுறையை உடம்பே தின்னும் நோய்.
வடகடல் தீவுகளில் அது
வீட்டு வாசல்வரை வந்து பெயர் கேட்கும்.
ஆய்வுக்கு நோயில்லாதவர்களும் வேண்டும்;
தோரா அந்தக் கணக்கில் வந்தாள்.
படிவத்தில் 'நலம்' என்ற கட்டத்தில்
டிக் போட்டது என் கை.

கிர்க்வால் துறைமுகத்தில் எங்கள் வண்டி.
லாரியில் ஏறி, படகில் ஏறி,
காற்று அனுமதித்தால் வந்து சேரும் எம்ஆர்ஐ.
குழாய்க்குள் அவளைத் தள்ளிவிட்டு
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

உடம்பின் தண்ணீரையெல்லாம்
ஒரே திசைக்குத் திருப்புகிறோம்.
பிறகு ஒரு தட்டு.
தன் நிலைக்குத் திரும்பும் ஒவ்வொரு துளியும்
தான் இருக்கும் இடத்தை உளறிவிடுகிறது.
அவ்வளவுதான் இந்த வித்தை.

டக் டக் டக்.
கர்ர்ர்.
டக்.

இடைவெளியில் ஒலிபெருக்கியில் அவள் குரல்:
"உங்கள் எஞ்சினில் ஏதோ கோளாறு.
மூன்றாவது தட்டு பிந்தி வருகிறது."
சிரித்தேன். "அது அப்படித்தான் ஓடும்" என்றேன்.
"எல்லாரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்" என்றாள்.

நான்காவது வரிசைப் படங்கள் இறங்கின.
நீரறைகளின் விளிம்பிலிருந்து
செங்குத்தாய் மேலேறிய வெள்ளை விரல்கள்.
ஒன்று. அருகில் இன்னொன்று.
கழுத்துத் தண்டில், அரிசி அளவில்,
இன்னும் ஒன்று.
மெரனின் கோப்பைத் தவறித் திறந்துவிட்டேனோ என்று
பெயரைப் பார்த்தேன்.
பிறந்த தேதியைப் பார்த்தேன்.
மறுபடி பெயரை.

இத்தனை வருஷத்தில் ஒரு பாடம் உண்டு:
பார்த்தவள் சொல்லக் கூடாது.
சொல்ல வேண்டியவர் அபர்டீனில் இருக்கிறார்.
அவள் மோதிரம் கழற்றியதை
அவர் பார்க்கவில்லை.
செவ்வாய்க்கிழமை படிப்பார்,
இன்னொரு முறை படிப்பார்,
பிறகுதான் கடிதமோ தொலைபேசியோ.
இன்று வெள்ளி.

என் குரலை
அது இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு
"கடைசி ஆறு நிமிடம்" என்றேன்.

வெளியே வந்தவள் முடியை ஒதுக்கிக்கொண்டு
"எப்படி?" என்றாள்.
"கொஞ்சமும் அசையவில்லை நீங்கள்."
பொய்யில்லை.

மெரன் எழுந்தாள். கையை நீட்டினாள்.
மோதிரம் நழுவியது அவளுக்குத் தெரியவில்லை.
உருண்டு போய் நாற்காலிக்கு அடியில் நின்றது.
"நீ இரு, உனக்கு முடியாது" என்று
தோரா மண்டியிட்டுத் துழாவினாள்.

முப்பது வருஷம் ஏணி ஏறி இறங்கிய கால்கள்.
எந்தக் காலை முதலில் ஊன்றுகிறாள்,
சுவரைப் பிடிக்கிறாளா,
இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிடிக்கவில்லை.
எழுந்தாள், ஊதித் தூசி தட்டினாள்,
மோதிரத்தைப் போட்டுக்கொண்டாள்.
இந்த முறை சட்டென்று ஏறியது.

"காற்று திரும்புவதற்குள் படகை எடுக்கணும்" என்று
தங்கையின் முழங்கையைப் பிடித்தாள்.
படியில் இறங்கிய இருவரில்
யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று
கதவு சாத்தும்வரை
பார்த்துக்கொண்டே இருந்தேன்.